விண்ணேறும் இராக்கெட்டும் மண்ணிலுள்ள கருவூலமும்

இராக்கெட் ஒன்று நெருப்பைக் கக்கிக்கொண்டு மேலெழும் காட்சியைக் காணும்போது, அதனை வடிவமைத்த விஞ்ஞானியையும் அதில் ஏறிச் செல்லும் வீரனையும் நாம் வியக்கிறோம். வியக்கத் தக்கவர்களே. ஆயினும், அந்த இராக்கெட் ஏவுதளத்திற்கு வந்து சேருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எங்கோ ஒரு மேசையின் மீது கணக்குப் புத்தகம் ஒன்று திறக்கப்பட்டிருக்கும். எவ்வளவு செலவாகும், அதை யார் தருவது, எத்தனை ஆண்டுகளுக்குத் தருவது என்னும் மூன்று கேள்விகளுக்கு அங்கே விடை எழுதப்பட்டிருக்கும். அந்த விடையைச் சரியாக எழுதிய நாடுகள் விண்ணில் ஏறின. எழுதத் தவறிய நாடுகள், கெட்டிக்கார விஞ்ஞானிகள் தம்மிடம் இருந்தும், போட்ட முதலைக் கடலிலும் பாலைவனத்திலும் இழந்தன.

போர்க் கருவிகளாகிய இராக்கெட்டுகளைப் பற்றி இக்கட்டுரை பேசவில்லை. வானிலை அறிதல், தொலைத்தொடர்பு, நிலவளம் காணல், கோள்களை ஆராய்தல், மனிதனை விண்ணுக்கு அனுப்புதல் ஆகிய அமைதிப் பணிகளுக்கு அரசாங்கங்கள் எவ்வாறு பணம் ஒதுக்குகின்றன, அப்பணிகளை எவ்வாறு ஒருங்கிணைக்கின்றன என்பதையே இங்கு நோக்குவோம்.

அரசாங்கம் ஏன் முன்வர வேண்டும்?

"பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகும்போது சந்திரனுக்கு எதற்குப் பணம்?" என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. இது நியாயமான கேள்வி. வரிப் பணம் யாருடைய வீட்டுப் பணமுமன்று. கேட்பதற்கு எல்லாருக்கும் உரிமை உண்டு. ஆகவே, இவ்வேலையைத் தனியார் முதலாளிகளிடமே விட்டுவிடாமல் அரசாங்கம் ஏன் கையில் எடுக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதற் காரணம், பயனை வேலி போட்டு அடைக்க முடியாது என்பது. புயல் வருகிறது என்ற எச்சரிக்கையைச் செயற்கைக் கோள் தருகிறது. காசு கொடுத்தவனுக்கு மட்டும் அதைச் சொல்லிவிட்டு, கொடாதவனைக் கடலுக்கு அனுப்ப எந்த அரசாங்கத்தாலும் இயலாது. ஊருக்கெல்லாம் பொதுவான பயனுக்கு ஊர்ப் பணமே பொருத்தம்.

இரண்டாவது காரணம் காத்திருப்பு. ரப்பர்க் கன்றை நட்டால் பால் வெட்டுவதற்கு ஆறேழு ஆண்டு பொறுக்க வேண்டும். தோட்ட முதலாளி அதைப் பொறுத்துக் கொள்கிறார். ஏனென்றால் பால் வரும் என்பது அவருக்குத் திண்ணமாகத் தெரியும். 1990-களில் திட்டமிடத் தொடங்கிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள்தான் விண்ணில் ஏறிற்று. செலவு ஏறத்தாழ 1,000 கோடி டாலர். பிறந்து பல கோடி ஆண்டுகளான விண்மீன் கூட்டங்களின் ஒளியை அது படம் பிடிக்கிறது. அறிவுக்கு இது பெரும் வரவு; வியாபாரிக்கு இதில் ஒரு காசும் வரவில்லை. அத்தனை காலம் எந்த வியாபாரியும் காத்திருக்க மாட்டான்.

மூன்றாவது காரணம் சட்டம். 1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, ஒரு நாட்டிலிருந்து விண்வெளியில் நடைபெறும் எல்லாச் செயல்களுக்கும், அவற்றைச் செய்வது தனியார் நிறுவனமாக இருப்பினும், அந்நாட்டு அரசாங்கமே பொறுப்பு என்று கூறுகிறது. இஃது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. அணு உலையைத் தாங்கிய சோவியத் நாட்டின் காஸ்மாஸ் 954 என்ற செயற்கைக் கோள் 1978-ஆம் ஆண்டு ஜனவரியில் கனடாவின் வட பகுதியில் சிதறி விழுந்தது. தேடித் துப்புரவு செய்த செலவைக் கனடா கேட்டது. 1981-இல் முப்பது இலட்சம் கனடா டாலர் தர சோவியத் அரசாங்கம் இசைந்தது. ஆகவே, விண்வெளியில் பொறுப்பேற்காமல் ஒதுங்கி நிற்க எந்த அரசாங்கத்திற்கும் வழியில்லை.

அமெரிக்காவின் முறை

1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியபோது அமெரிக்காவில் தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவை தனித்தனியே இராக்கெட் வேலை செய்துகொண்டிருந்தன. ஒருவர் செய்வது மற்றவருக்குப் பயன்படவில்லை. அதிபர் ஐசனோவர் 1958-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். நாட்டின் தற்காப்புக்கே உரிய வேலைகள் இராணுவத்திடம் இருக்கட்டும். ஏனைய விண்வெளிப் பணிகள் யாவும் சிவில் அமைப்பு ஒன்றின் கீழ் வரட்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். அவ்வாறு பிறந்ததே நாஸா. அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள் அது வேலையைத் தொடங்கியது. 1915 முதல் இயங்கிவந்த விமான ஆராய்ச்சிக் குழு ஒன்றையும், அதன் ஏறத்தாழ 8,000 ஊழியர்களையும் ஆய்வுக்கூடங்களையும் அது அப்படியே ஏற்றுக்கொண்டது. புது வீட்டைப் பழைய அடித்தளத்தின் மேல் கட்டியதனால் காலம் மிச்சமாயிற்று.

இனி, அங்கே பணம் நடக்கும் வழியைக் காண்போம். முதற்படியாக, நாஸா தன் தேவைகளைக் கணக்கிட்டு அதிபரின் வரவு செலவு அலுவலகத்திற்கு அனுப்புகிறது. இரண்டாம் படியில் அந்த அலுவலகம், பிற இலாகாக்களின் தேவைகளோடு ஒப்பிட்டு அதனைக் கூட்டியோ குறைத்தோ திருத்துகிறது. மூன்றாம் படியில் அதிபர் அதனைத் தம் வரவு செலவுத் திட்டத்தில் சேர்த்து, அந்நாட்டின் நாடாளுமன்றமாகிய காங்கிரஸ் முன்வைக்கிறார். நான்காம் படியே முக்கியமானது. காங்கிரஸில் இரு வகைக் குழுக்கள் உள்ளன. இன்ன வேலையைச் செய்யலாம் என்று அனுமதி தருவது ஒன்று. அதற்கு இவ்வளவு பணம் என்று ஒதுக்குவது மற்றொன்று. கலியாணத்தை நிச்சயிப்போர் ஒரு சாரார், பந்தல் செலவுக்குப் பணம் எண்ணி வைப்போர் வேறொரு சாரார் என்பது போன்ற ஏற்பாடு இது. அனுமதி கிடைத்தும் பணம் கிடைக்காத திட்டங்கள் உண்டு. ஒதுக்கீடும் ஆண்டுக்கு ஆண்டுதான். பத்தாண்டு நடக்கும் வேலைக்குப் பத்து முறை கையேந்த வேண்டும்.

இதன் நன்மையையும் தீமையையும் சந்திரப் பயணமே காட்டும். அதிபர் கென்னடி 1961-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மனிதனைச் சந்திரனில் இறக்க வேண்டும் என்று காங்கிரஸைக் கேட்டுக்கொண்டார். பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. 1966-இல் மத்திய அரசாங்கச் செலவில் நூற்றுக்கு 4.4 பங்கு நாஸாவுக்குச் சென்றது. சுமார் நான்கு இலட்சம் பேர் அவ்வேலையில் ஈடுபட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தனியார் நிறுவனங்களிலும் பல்கலைக் கழகங்களிலும் இருந்தவர்கள். மொத்தச் செலவு அக்காலக் கணக்கில் ஏறத்தாழ 2,500 கோடி டாலர். 1969-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் மனிதன் சந்திரனில் இறங்கினான்.

ஆனால் கருவூலத்தின் கதவு அதற்கு முன்பே சாத்தப்படத் தொடங்கிவிட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1966-க்குப் பின் ஒதுக்கீடு இறங்குமுகமாயிற்று. வியட்நாம் போர் ஒருபுறம், உள்நாட்டு வறுமை ஒழிப்பு ஒருபுறம் பணத்தைக் கேட்டன. திட்டமிட்டிருந்த கடைசி மூன்று பயணங்கள் 1970-இல் கைவிடப்பட்டன. 1972 டிசம்பருக்குப் பின் அரை நூற்றாண்டு எவரும் சந்திரனில் கால் வைக்கவில்லை. பறப்பதற்கென்று கட்டிய சாட்டர்ன் இராக்கெட்டின் பகுதிகள் இன்று காட்சிப் பொருள்களாகப் படுத்துக் கிடக்கின்றன. 2024-ஆம் நிதியாண்டில் நாஸா பெற்றது சுமார் 2,490 கோடி டாலர். கேட்பதற்குப் பெருந்தொகைதான், ஆனால் மத்திய அரசாங்கச் செலவில் அது நூற்றுக்கு அரைப் பங்கும் இல்லை.

ஆண்டுதோறும் வாக்கெடுப்பு என்பது எத்துணை அச்சத்தைத் தரும் என்பதற்கு மற்றொரு சான்று கூறலாம். விண்வெளி நிலையம் கட்டும் திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானம் 1993-ஆம் ஆண்டு ஜூன் மாதம் காங்கிரஸின் கீழ்ச்சபையில் வாக்குக்கு விடப்பட்டது. 215 பேர் கைவிடச் சொன்னார்கள். 216 பேர் கூடாது என்றார்கள். ஒரே ஒரு வாக்கு! அதன்பின் ரஷ்யாவையும் கூட்டுச் சேர்த்துத் திட்டத்தை மாற்றி அமைத்தார்கள். கனடா, ஜப்பான், ஐரோப்பிய நாடுகள் முன்னரே கூட்டாளிகளாக இருந்தன. பல நாடுகள் கையெழுத்திட்ட திட்டத்தை ஒரு நாடு தனியே கைவிடுவது எளிதன்று. இன்று அந்நிலையத்தில் 2000-ஆம் ஆண்டு நவம்பர் முதல் மனிதர் இடைவிடாது வாழ்ந்து வருகின்றனர்.

கட்டுப்பாடும் இல்லாமல் இல்லை. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு பெரிய திட்டத்தின் செலவு முதலில் சொன்ன கணக்கை நூற்றுக்குப் பதினைந்து பங்கு மிஞ்சினால் நாஸா காங்கிரஸுக்கு அறிவிக்க வேண்டும். முப்பது பங்கு மிஞ்சினால் காங்கிரஸ் புதிதாக அனுமதி தந்தாலன்றித் திட்டம் தொடரக் கூடாது.

நாள் சம்பளமும் கொந்தராத்தும்

பணம் ஒதுக்கியபின் வேலையை யாரிடம், எந்த முறையில் கொடுப்பது? இதில் இரு வழிகள் உண்டு. தோட்டத்து மக்களுக்கு இவ்விரண்டும் புதியவை அல்ல. காட்டை வெட்டித் துப்புரவு செய்ய ஆட்களை நாள் சம்பளத்துக்கு அமர்த்தலாம். அல்லது ஏக்கருக்கு இவ்வளவு என்று கொந்தராத்து விடலாம்.

சந்திரப் பயணக் காலத்தில் முதல் வழியே பெரிதும் பின்பற்றப்பட்டது. நிறுவனம் செய்த செலவு முழுவதையும் அரசாங்கம் கொடுத்து, மேற்கொண்டு இலாபமாக ஒரு தொகையையும் கொடுக்கும். எவரும் செய்திராத வேலைக்கு எவரும் விலை சொல்ல முடியாதாகையால் அப்போது இது நியாயமாகவே இருந்தது. ஆனால் செலவைச் சுருக்குவதற்கு நிறுவனத்திற்கு எந்தத் தூண்டுதலும் இராது.

2006 முதல் நாஸா, விண்வெளி நிலையத்திற்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் வேலையில் இரண்டாம் வழியைக் கையாளத் தொடங்கியது. 2014-இல் மனிதரை ஏற்றிச் செல்லவும் அம்முறை வந்தது. போயிங் நிறுவனத்துக்கு 420 கோடி டாலருக்கும், ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனத்துக்கு 260 கோடி டாலருக்கும் ஒப்பந்தம் எழுதப்பட்டது. குறைந்த தொகை பெற்ற நிறுவனம் 2020 மே மாதத்திலேயே இரு வீரர்களை ஏற்றிச் சென்றது. மற்றதன் கலம் 2024 ஜூனில்தான் முதன்முறையாக வீரர்களுடன் சென்றது; கோளாறுகள் காரணமாக ஆளில்லாமல் திரும்பி வந்தது. மேற்கொண்டு ஏற்பட்ட செலவை அந்நிறுவனமே தாங்கவேண்டியிருந்தது. ஒருவரையே நம்பியிராமல் இருவருக்கு வேலை கொடுத்ததனால் அரசாங்கம் தப்பித்தது. எனினும், முன்பே செய்து பழகிய வேலைக்குத்தான் கொந்தராத்து பொருந்தும். முற்றிலும் புதிய வேலையில் விலையை முன்கூட்டியே கட்டிப்போட்டால், பாதியில் விட்டு ஓடும் நிலையும் வரலாம்.

ஐரோப்பா கற்ற பாடம்

பணம் இருந்தும் ஒருங்கிணைப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவின் கதையைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

1960-இல் பிரிட்டன் தன் புளூ ஸ்டிரீக் என்ற போர் இராக்கெட் திட்டத்தைக் கைவிட்டது. செலவழித்த பணம் வீணாகாமல் இருக்க, அதனை முதல் அடுக்காக வைத்து ஐரோப்பிய நாடுகள் கூடி ஓர் இராக்கெட் செய்யலாம் என்ற யோசனை பிறந்தது. 1962-இல் அதற்கென ஓர் அமைப்பு உருவாயிற்று. இராக்கெட்டின் பெயர் யூரோப்பா. முதல் அடுக்கு பிரிட்டனுடையது. இரண்டாம் அடுக்கு பிரான்ஸுடையது. மூன்றாம் அடுக்கு ஜெர்மனியுடையது. சோதனைச் செயற்கைக் கோள் இத்தாலியுடையது. அவரவர் அரசாங்கம் அவரவர் நிறுவனத்துக்கு வேலை கொடுத்தது. மூன்றடுக்கையும் ஒன்றாகப் பொருத்தினால் என்ன ஆகும் என்று பார்த்து ஆணையிட அதிகாரம் பெற்ற மேலாள் ஒருவரும் இலர். பொது அமைப்பின் செயலகம் கடிதப் போக்குவரத்து நடத்தியதேயன்றிக் கட்டளையிட இயலவில்லை.

ஆஸ்திரேலியாவின் வூமெராப் பாலைவனத்தில் 1964-இல் முதல் அடுக்கை மட்டும் ஏவியபோது அது நன்றாகவே பறந்தது. மேல் அடுக்குகளைச் சேர்த்தபோது ஒன்று மாற்றி ஒன்று தவறிற்று. 1971 நவம்பரில் தென் அமெரிக்காவின் கூரு தளத்திலிருந்து ஏவியதும் வெடித்து வீழ்ந்தது. பத்தாண்டு உழைப்பில் ஒரு செயற்கைக் கோளையும் அந்த இராக்கெட் சுற்றுப்பாதையில் நிறுத்தவில்லை. ஒவ்வோர் அடுக்கையும் செய்தவர்கள் திறமைசாலிகளே. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையிலுள்ள இணைப்புத்தான் எவருடைய பொறுப்பாகவும் இல்லை.

அதே காலத்தில் பிரிட்டன் தனியே செய்த கதை இன்னும் வேடிக்கையானது. பிளாக் ஏரோ என்ற சிறு இராக்கெட்டை அது சிக்கனமாகச் செய்துவந்தது. அமெரிக்க இராக்கெட்டை வாடகைக்குப் பிடிப்பது மலிவு என்று கருதிய அரசாங்கம் 1971 ஜூலையில் அத்திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தது. அறிவிப்புக்குப் பின், மிஞ்சியிருந்த இராக்கெட் அக்டோபர் 28-ஆம் நாள் வூமெராவிலிருந்து ஏவப்பட்டு, பிராஸ்பெரோ என்ற செயற்கைக் கோளை வெற்றியுடன் சுற்றுப்பாதையில் நிறுத்திற்று. வெற்றி வந்தபோது திட்டம் இல்லை!

தோல்வி ஐரோப்பியருக்கு அறிவு புகட்டியது. 1973 ஜூலையில் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடிய அமைச்சர்கள் ஓர் இணக்கத்துக்கு வந்தனர். பிரான்ஸ் விரும்பிய புதிய இராக்கெட்டான ஏரியானுக்குப் பிரான்ஸே பெரும்பங்கு பணம் தரும். வேலையை நடத்தும் அதிகாரமும் அதனுடையதே. ஜெர்மனி விரும்பிய விண்வெளி ஆய்வுக்கூடத்திற்கு ஜெர்மனி பெரும்பங்கு தரும். பிரிட்டன் விரும்பிய கடல்சார் தொடர்புச் செயற்கைக் கோளுக்குப் பிரிட்டன் தரும். ஒருவர் திட்டத்திற்கு மற்றவர்களும் சிறுபங்கு தருவர். யாருக்கு எதில் ஆவலோ அவர் அதில் தலைமை தாங்கட்டும் என்பதே இதன் சூட்சுமம். 1975-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தை அமைக்கும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1979-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஏரியான் தன் முதல் பறப்பிலேயே வெற்றி கண்டது. மலேசியாவின் முதல் தொலைத்தொடர்புச் செயற்கைக் கோளான மீசாட்-1, 1996 ஜனவரியில் விண்ணேறியது அந்த ஏரியான் வரிசை இராக்கெட்டில்தான்.

இன்று 23 நாடுகள் அந்நிறுவனத்தில் உறுப்பினர். அதன் பண ஏற்பாடு நம்மவர்க்கு எளிதில் விளங்கும். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் எல்லாக் குடும்பமும் கட்டாயமாகக் கட்டும் தலைக்கட்டு வரி ஒன்று உண்டு. அதற்கு மேல், விருப்பமுள்ளவர்கள் ஒருநாள் உபயத்தை ஏற்றுக்கொள்வதும் உண்டு. ஐரோப்பிய நிறுவனத்திலும் விஞ்ஞான ஆராய்ச்சிக்கும் பொது நிர்வாகத்திற்கும் எல்லா நாடுகளும் கட்டாயம் பணம் கட்டவேண்டும்; ஆனால் தலைக்கு ஒரே தொகையன்று, அந்தந்த நாட்டின் வருமானத்துக்கு ஏற்ற தொகை. இராக்கெட், தொலைத்தொடர்பு, நில நோக்கு முதலிய பிற திட்டங்கள் உபயம் போன்றவை. விரும்பிய நாடு சேரும், விரும்பாத நாடு விலகி நிற்கும். ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒருமுறை அமைச்சர்கள் கூடி வருங்காலத்துக்கான தொகையை உறுதி செய்கின்றனர். 2022-இல் பாரிஸில் 1,690 கோடி யூரோவும், 2025 நவம்பரில் பிரேமன் நகரில் சுமார் 2,210 கோடி யூரோவும் உறுதி செய்யப்பட்டன. ஆண்டுக்கு ஆண்டு கையேந்தும் அமெரிக்க முறையைவிட இதில் உறுதி அதிகம்.

மற்றொரு விதியும் உண்டு. ஒரு நாடு எவ்வளவு கொடுத்ததோ, ஏறத்தாழ அதே அளவுக்கு அந்நாட்டு நிறுவனங்களுக்கு வேலை திரும்பிச் செல்ல வேண்டும். தங்கள் வரிப்பணம் தங்கள் தொழிலாளிக்கே கூலியாகிறது என்று நாடாளுமன்றத்தில் கூற அமைச்சருக்கு இது உதவுகிறது. ஆனால் நல்ல விலைக்குத் தரமாகச் செய்பவரிடம் வேலையைக் கொடாமல், பங்கு பார்த்துப் பிரித்துக் கொடுக்கும் சங்கடமும் இதனால் நேர்கிறது. ஒற்றுமைக்குக் கொடுக்கும் விலை எனலாம்.

இந்தியாவின் சிக்கனப் பாதை

பணக்கார நாடுகளின் கதை ஒருபுறமிருக்க, வறுமையோடு போராடிக்கொண்டிருந்த இந்தியா இத்துறையில் இறங்கியதே ஒரு துணிச்சல்தான். 1962-இல் அணுசக்தி இலாகாவின் கீழ் ஒரு சிறு குழுவாக இது தொடங்கிற்று. டாக்டர் ஹோமி பாபா ஆதரவு தந்தார். டாக்டர் விக்ரம் சாராபாய் தலைமை தாங்கினார். கேரளத்தின் தும்பா என்ற மீனவக் கிராமத்தில், மாதா கோயில் ஒன்றையே அலுவலகமாகக் கொண்டு, 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் முதல் இராக்கெட்டை ஏவினார்கள். இராக்கெட் அமெரிக்கா தந்தது; கருவி பிரான்ஸ் தந்தது. இல்லாததைக் கேட்டு வாங்குவதில் அவர்கள் வெட்கப்படவில்லை. வாங்கியதைக் கொண்டு கற்றுக்கொண்டார்கள். 1969-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் இஸ்ரோ பிறந்தது.

1972-இல் செய்த ஏற்பாடு கூர்ந்து நோக்கத் தக்கது. கொள்கை வகுக்க விண்வெளி ஆணைக்குழு என்ற ஒன்று. அதனை நிறைவேற்ற விண்வெளி இலாகா என்ற ஒன்று. வேலை செய்ய இஸ்ரோ. இம்மூன்றுக்கும் தலைவர் ஒருவரே. அந்த இலாகா நேரே பிரதமரின் பொறுப்பில் உள்ளது. ஆகவே, கோப்பு ஒன்று பல அமைச்சுகளில் தங்கித் தூங்கும் இடர் குறைந்தது. பெரிய திட்டங்களுக்கு அமைச்சரவை ஒப்புதல் தருகிறது. பணம் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் வழியே வருகிறது.

1979 ஆகஸ்டில் இந்தியாவின் முதற் செயற்கைக் கோள் இராக்கெட் வங்கக் கடலில் வீழ்ந்தது. திட்ட இயக்குநர் இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம். அரசாங்கம் பணத்தை நிறுத்தவில்லை; ஆளையும் மாற்றவில்லை. அடுத்த ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் அதே குழு வெற்றி பெற்றது. பிரிட்டன் வெற்றி வருமுன் திட்டத்தை மூடியது. இந்தியா தோல்விக்குப் பின்னும் திட்டத்தைத் திறந்து வைத்தது. பின்னாளில் சிங்கப்பூரின் எக்ஸ்-சாட் என்ற செயற்கைக் கோள் 2011-இல் ஏறிச் சென்றது இந்திய இராக்கெட்டிலேயே.

இந்தியரின் ஒருங்கிணைப்பு முறையில் ஆசிரியர்களாகிய எங்களைக் கவரும் செய்தி ஒன்றுண்டு. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, அமெரிக்கா இரவல் தந்த செயற்கைக் கோள் ஒன்றின் வழியாக, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடங்கள் அனுப்பப்பட்டன. விவசாயம், சுகாதாரம், பிள்ளைகளுக்கான கல்வி ஆகியன கற்பிக்கப்பட்டன. பல்லாயிரம் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் விடுமுறையில் விஞ்ஞானப் பயிற்சி பெற்றனர். தனக்கென்று தொலைத்தொடர்புச் செயற்கைக் கோள் செய்யுமுன்னரே, அதை எதற்குப் பயன்படுத்துவது என்று அந்நாடு ஒத்திகை பார்த்துவிட்டது. பின்னர் வந்த இன்சாட் வரிசையில் விண்வெளி இலாகா, தொலைத்தொடர்பு இலாகா, வானிலை இலாகா, வானொலி, தொலைக்காட்சி ஆகியவை கூட்டாகப் பங்குகொண்டன. ஒரே செயற்கைக் கோள் தொலைபேசியையும் சுமந்தது, மேகத்தையும் படம் பிடித்தது. தனித்தனியே நான்கு வாங்க வசதியில்லாத நாடு, ஒன்றை நால்வர் பகிர்ந்துகொள்ளும் வழியைக் கண்டது.

பயன் என்ன? 1999-இல் ஒரிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் பைலின் என்ற கடும்புயல் அதே கரையைத் தாக்கியபோது, முன்னரே சுமார் பத்து இலட்சம் மக்கள் அப்புறப்படுத்தப்பட்டிருந்தனர். இறந்தவர் ஐம்பதுக்கும் குறைவு. இப்புகழ் முழுவதும் செயற்கைக் கோளுக்கே உரியதன்று. புகலிடங்கள் கட்டியோரும், வீடு வீடாகச் சென்று மக்களை அழைத்து வந்தோரும் அதில் பங்குடையர். ஆனால் புயல் எங்கே வருகிறது என்று தெரியாமல் எவரையும் எங்கும் அழைத்துச் செல்ல இயலாது. ஒழுகும் கூரையைக் காட்டிக் கேட்டவர்க்கு இது ஒரு விடை.

நம் நாட்டின் அனுபவம்

மலேசியாவின் தொடக்கம் சிறியது. மீசாட் தனியார் முயற்சி. 2000-இல் தியுங்சாட் என்ற சிறு செயற்கைக் கோள் ஏவப்பட்டது. 2002-இல் அங்காசா என்ற தேசிய விண்வெளி நிறுவனம் அமைக்கப்பட்டது. 2007-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் டாக்டர் ஷேக் முஸாபர் ஷுக்கோர் ரஷ்ய இராக்கெட்டில் விண்வெளி நிலையம் சென்றதை நாம் அனைவரும் பெருமையுடன் கண்டோம். ரஷ்யாவிடமிருந்து 18 சுகோய் போர் விமானங்களை வாங்கிய ஒப்பந்தத்தின் பகுதியாக அவ்வாய்ப்பு வந்தது. அவருக்குப் பின் இன்னொரு மலேசியர் செல்லவில்லை. 2009-இல் ஏவிய ரசாக்சாட் எதிர்பார்த்த ஆயுளை எட்டாமலே செயலிழந்தது.

ஒரு பொருளை வாங்கும்போது உடன் வரும் இனாமினால் பயணம் போகலாம்; பாதை போட முடியாது. பாதை போடுவதற்கு ஆண்டுதோறும் வரும் சிறு தொகையே மேல். அந்தத் திசையில் ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. வானிலிருந்து நிலத்தை ஆராயும் நிறுவனம் ஒன்று, விண்வெளி நிறுவனம் வேறொன்று என்று இருந்த இரண்டையும் இணைத்து 2019-இல் மலேசிய விண்வெளி நிறுவனம் ஒன்றாக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டின் விண்வெளி வாரியச் சட்டமும் வந்தது. சட்டம், ஒரே அமைப்பு ஆகிய இரண்டும் வந்துவிட்டன. மாறாத ஒதுக்கீடும், வெள்ளம், மண்சரிவு, புகைமூட்டம் போன்ற நம் சொந்தத் தேவைகளோடு இணைந்த வேலையும் தொடரவேண்டும்.

வாசகர் கேட்க வேண்டியவை

மேலே கண்ட நாடுகளின் வரலாற்றிலிருந்து, ஒரு விண்வெளித் திட்டத்தை எடைபோடுவதற்குச் சில அளவுகோல்களை நாம் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த முறை பத்திரிகையில் அத்தகைய செய்தி வரும்போது இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

பணம் ஓராண்டுக்கா, பல ஆண்டுகளுக்கா? ஓராண்டுக்கு மட்டுமாயின் அடுத்த தேர்தலில் அது நின்றுபோகலாம். வேலை பலருக்குப் பிரித்துத் தரப்பட்டால், அவற்றை இணைக்கும் பொறுப்பு யாருக்கு? அப்படி ஒருவர் இல்லையெனில் யூரோப்பாவின் கதை மறுபடியும் நடக்கும். கிடைக்கும் பயனை எந்த இலாகா, எந்த மக்கள் கையில் வாங்கப் போகின்றனர்? வாங்குவோர் இப்போதே திட்டத்தில் அமர்ந்திருக்கின்றனரா? முதல் முயற்சி தோற்றால் இரண்டாவது முயற்சிக்குப் பணம் உண்டா? கணக்கு மிஞ்சினால் நிறுத்திக் கேட்கும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கிறதா?

இக்கேள்விகளைக் கேட்பதற்கு இராக்கெட் விஞ்ஞானம் படித்திருக்க வேண்டியதில்லை. கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கணக்கைப் படிக்கச் சொல்லிக் கேட்கும் உறுப்பினருக்கு இருக்கவேண்டிய கவனமே போதும். விண்வெளியில் பறப்பவர் சிலரே ஆயினும் அதற்குப் பணம் கட்டுவோர் நாம் எல்லாரும். நம் பிள்ளைகளுள் ஒருவர் நாளை அந்த இராக்கெட்டை வடிவமைக்கலாம். மற்றவர்கள் அதற்கு வாக்களிக்கும் குடிமக்களாக இருப்பர். கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும்போதே, பொதுப் பணத்தின் கணக்கைக் கேட்கும் பழக்கத்தையும் அவர்களுக்குக் கற்பிப்பது நம் கடமை.